கேர் ஹோமில் இருக்கும் நம்ம ஊர் நர்சுகளுக்கு: பிரிட்டனில் நர்ஸ் பதிவு எண் (பின்) வாங்கும் வழி

பி.எஸ்சி நர்சிங்கோ ஜி.என்.எம்மோ முடித்து, ஊரில் சில வருடம் வார்டில் ஓடியாடிவிட்டு, இப்போது பிரிட்டனில் ஏதோ ஒரு கேர் ஹோமில், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்தில், கேரராக (பராமரிப்பாளராக) இருக்கிற தமிழ் ஆட்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். சிலர் கேரர் விசாவிலேயே வந்தவர்கள், சிலர் கணவருக்கோ மனைவிக்கோ டிபெண்டன்ட்டாக வந்து, குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் கிடைத்த வேலையில் சேர்ந்தவர்கள். பேச ஆரம்பித்தால் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: "படிச்சதெல்லாம் மறந்துபோச்சு, இனிமே எங்க பின் வாங்குறது."

மறக்கவில்லை. கேர் ஹோமில் போன வருடங்கள் உங்களை நர்சிங்கிலிருந்து அப்படியொன்றும் தள்ளிவைத்துவிடவில்லை. பரீட்சையில் கேட்பதில் பெரும்பகுதி நீங்கள் இன்றைக்கும் ஷிப்டில் செய்கிற வேலைதான். தடுமாற வைப்பது வேறு: எதை முதலில் செய்வது என்ற வரிசை தெரியாமல், இங்கிலீஷ் பரீட்சை பாஸானதும் மற்றதைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருப்பது. அதனால் இதை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. பிரிட்டனில் நர்சாக வேலை பார்க்க நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலில், அதாவது என்.எம்.சி-யில், பதிவு வேண்டும். அந்தப் பதிவு எண்ணைத்தான் எல்லோரும் பின் என்கிறோம். ஜி.என்.எம், பி.எஸ்சி இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம், பி.எஸ்சி தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏ.என்.எம் மட்டும் படித்தவர்களுக்கு இந்த வழி இல்லை. நடுவில் சில வருடம் நர்சாக வேலை பார்க்கவில்லையே என்ற பயமும் நிறையப் பேருக்கு இருக்கிறது. உங்களுக்கு இன்றைக்கு வேலை தெரியுமா என்று பார்க்கத்தான் டெஸ்ட் ஆஃப் காம்பிடன்ஸ் என்ற ஒன்றையே வைத்திருக்கிறார்கள் (கம்ப்யூட்டரில் எழுதும் சி.பி.டி, செய்துகாட்டும் ஆஸ்கி என்று இரண்டு பகுதி), அதில் பாஸானால் இடைவெளி உங்களை மறிக்காது. வேலை கொடுக்கிறவர் சமீபத்திய அனுபவத்தைக் கேட்பார்தான், அது தனி விஷயம், அதற்குக் கீழே வருகிறேன்.

காகிதம்தான் முதலில்

இன்றைக்கே தொடங்க வேண்டியது இதுதான். இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கும் அதே மாதங்களில் ஊரில் காகிதம் நகர வேண்டும், ஏனென்றால் படிப்பு உங்கள் கையில் இருக்கிறது, காகிதம் உங்கள் கையில் இல்லை.

தமிழ்நாட்டில் படித்தவர்களின் பதிவு சென்னை சாந்தோமில் இருக்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் இருக்கும். அது காலாவதியாகி இருந்தால் முதலில் புதுப்பிக்க வேண்டும். என்.எம்.சி கேட்கும் பதிவுச் சரிபார்ப்பை நீங்கள் எடுத்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள், கவுன்சிலே நேராக அவர்களுக்கு அனுப்ப வேண்டும். அப்பாவோ அண்ணனோ ஒரு நடை போய்க் கேட்டு வந்தால் பரவாயில்லை என்கிற கட்டம் கண்டிப்பாக வரும், அதற்கு ஒரு ஆளை இப்போதே சொல்லிவைத்துக்கொள்ளுங்கள். கூடவே காலேஜிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட், பி.எஸ்சி என்றால் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழக மார்க் ஷீட்டுகள், பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், இந்தியாவிலிருந்து போலீஸ் கிளியரன்ஸ். இதில் போலீஸ் கிளியரன்சை மட்டும் ரொம்ப முன்னாடியே எடுக்காதீர்கள், பழசாகிவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நமக்கென்றே இருக்கிற சிக்கல். ஒரு உதாரணம்: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் கே. மகேஸ்வரி. நர்சிங் கவுன்சில் பதிவில் மகேஸ்வரி கே. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து மகேஸ்வரி கருப்பையா. கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயரோடு மகேஸ்வரி செந்தில்குமார். நமக்கு இது நாலும் ஒரே ஆள், ஃபைலைத் திறக்கிற அதிகாரிக்கு நாலு ஆள். பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும்போது இப்போது கையில் இருக்கும் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து கொடுங்கள், பரீட்சை மையத்தில் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய பணமும் போகும். பழைய சான்றிதழ்களில் இருப்பதும் இந்தப் பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு அஃபிடவிட் எழுதி வாங்கிவையுங்கள். இனிஷியல் என்றால் அப்பா பெயரின் முதல் எழுத்து என்பதையும் அதில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள், நமக்குச் சொல்லத் தேவையில்லாத அந்த விஷயம் அவர்களுக்குத் தெரியாது.

இங்கிலீஷ்

"நான் படிச்சதே இங்கிலீஷ் மீடியம், எனக்கு எதுக்கு இந்தப் பரீட்சை" என்று கேட்பவர்கள் உண்டு. படிப்பு இங்கிலீஷில் இருந்தால் மட்டும் போதாது, வார்டில் நோயாளியோடும் குடும்பத்தாரோடும் நடந்த பேச்சில் முக்கால் பங்காவது இங்கிலீஷில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. நாம் யாரிடம் இங்கிலீஷில் "எங்க வலிக்குது" என்று கேட்டோம்? அதனால் பரீட்சைதான்.

ஐ.ஈ.எல்.டி.எஸ் அகாடமிக் என்றால் ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5. மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் பரீட்சையான ஓ.ஈ.டி என்றால் அந்த மூன்றிலும் பி, ரைட்டிங்கில் சி பிளஸ். ஒரே தடவையில் எல்லாம் வராவிட்டால் 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தடவையின் மதிப்பெண்ணைச் சேர்த்துக் காட்டலாம், ஆனால் எந்தப் பகுதியிலும் மார்க் ரொம்பக் கீழே போயிருக்கக் கூடாது.

வார்டு பார்த்தவர்களுக்கு நான் ஓ.ஈ.டி-யைத்தான் சொல்வேன். கட்டணம் கூடுதல், அது உண்மை. ஆனால் ஐ.ஈ.எல்.டி.எஸ் ரைட்டிங்கில் நகரமயமாதலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வார்கள், ஓ.ஈ.டி-யில் நோயாளியின் கேஸ் நோட்சைக் கொடுத்து, டிஸ்சார்ஜ் ஆகிறவரைப் பற்றி கம்யூனிட்டி நர்சுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். 180 முதல் 200 சொல் வரைதான். அதில் மார்க் போவது இலக்கணத்தில் மட்டும் இல்லை, எதை விட வேண்டும் என்று தெரியாமல் நோட்சில் இருக்கிற எல்லாவற்றையும் அள்ளிக்கொட்டுவதில்தான் நிறையப் போகிறது. கடிதத்தை வாங்கிப் படிக்கிறவருக்கு நாளைக் காலையில் எது தேவை என்று கேட்டுக்கொண்டே எழுதினால் பாதி சரியாகிவிடும். லிசனிங், ஸ்பீக்கிங் இரண்டும், ஒரு வருடம் கேர் ஹோமில் யார்க்‌ஷயர் பாட்டிகளோடு பேசியவர்களுக்குத் தானாக வரும். ரீடிங்கில் முதல் பகுதி, 15 நிமிடத்தில் 20 கேள்வி, அதற்கு மட்டும் கடிகாரம் வைத்துப் பழகுங்கள்.

இன்னொரு கதவும் இருக்கிறது, இது இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும். 2023 பிப்ரவரியில் வந்தது, சுருக்கமாக சைஃப் என்கிறார்கள். ஒரே ஒரு பகுதியில் ஐ.ஈ.எல்.டி.எஸ்ஸில் அரை மார்க், ஓ.ஈ.டி-யில் அரை கிரேடு குறைந்து தவறியவர்கள், அல்லது இங்கிலீஷ் பெரும்பான்மை இல்லாத நாட்டில் இங்கிலீஷில் படித்தவர்கள், கடந்த இரண்டு வருடத்தில் குறைந்தது 12 மாதம் பிரிட்டனில் ஹெல்த் அல்லது சோஷியல் கேரில் வேலை பார்த்திருந்தால், உங்கள் இங்கிலீஷ் போதுமானது என்று மேலாளர் எழுதித் தருவதைக் கூடுதல் சான்றாகக் கொடுக்கலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: எழுதித் தரும் மேலாளர் என்.எம்.சி-யில் பதிவுள்ளவராக இருக்க வேண்டும், அவருக்கு மேலே பதிவுள்ள இன்னொருவரும் கையெழுத்திட வேண்டும். நர்சுகள் பணியில் இருக்கும் நர்சிங் ஹோமில் இது நடக்கும். ரெசிடென்ஷியல் ஹோம் என்றால் மேலாளர் நர்சாக இல்லாமலே இருக்கலாம், அப்போது யாரிடம் கையெழுத்து வாங்குவீர்கள்? இந்த வழியை நம்பியிருப்பவர்கள் வேலை மாறும்போதே இதைக் கேட்டுக்கொண்டு மாறுங்கள். என்.எம்.சி இந்த விதிகளை அவ்வப்போது திருத்தும், மேலாளரிடம் போய் நிற்பதற்கு முன் அவர்கள் இணையதளத்தில் அன்றைக்கு என்ன இருக்கிறது என்று படித்துவிடுங்கள்.

சி.பி.டி

கம்ப்யூட்டரில் எழுதுவது. பியர்சன் வியூ மையங்களில், இங்கேயும் எழுதலாம், ஊருக்குப் போகும்போது அங்கேயும் எழுதலாம். ஏ பகுதி கணக்கு, 15 கேள்வி, 30 நிமிடம். பி பகுதி 100 கேள்வி, இரண்டரை மணி நேரம். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும்.

கணக்கு நமக்கு வரும். 1000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் போக வேண்டும், செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை என்றால் 42 என்று பேப்பரில் போட்டுவிடுவோம். இடறுவது அலகுகளில். ஊரில் சர்க்கரை 180 என்றால் இங்கே 10, ஏனென்றால் இங்கே மில்லிமோல் கணக்கு, 18-ஆல் வகுக்க வேண்டும். அதனால்தான் இங்கே 4-க்குக் கீழே போனால் பதறுகிறார்கள், அது நம்ம கணக்கில் 72. ஹீமோகுளோபின் ஊரில் 10 என்றால் இங்கே 100. காய்ச்சல் 100.4 இல்லை, 38. இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது, எண்ணைப் பார்த்ததும் வயிற்றில் ஒரு பதற்றம் வர வேண்டும், அதற்கு ஷிப்டில் சர்க்கரை பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் மாற்றிப் பாருங்கள்.

பி பகுதியில்தான் நீங்கள் படித்த வருடங்களைவிடக் கேர் ஹோம் வருடங்கள் கைகொடுக்கும். சேஃப்கார்டிங், 2005-ஆம் ஆண்டு மென்டல் கெப்பாசிட்டி சட்டம், ஒப்புதல், படுக்கைப் புண், விழாமல் பார்ப்பது, நோயாளியின் விவரத்தை யாரிடம் சொல்லலாம் யாரிடம் சொல்லக் கூடாது. கேர் சர்டிபிகேட்டுக்காகவும் வருடாந்திர டிரெய்னிங்குக்காகவும் கிளிக் செய்து கிளிக் செய்து கடந்துபோனீர்களே, அதையே நிதானமாகப் படியுங்கள். என்.எம்.சி-யின் நடத்தை விதித்தொகுப்பு (கோட்) ஒரு சின்ன ஆவணம், அதை வரிவரியாகப் படிக்க வேண்டும். ஊரில் டாக்டர் சொன்னால் செய்வோம், குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால் ஒப்புதல் என்போம். இங்கே சுயநினைவோடு இருக்கும் 85 வயதுப் பெரியவர் ஊசி வேண்டாம் என்றால், மகன் மகள் எல்லோரும் சேர்ந்து போடச் சொன்னாலும் போட முடியாது. தவறான விடை பெரும்பாலும் நம்ம ஊர்ப் பழக்கத்தில் சரியான விடை போலவே இருக்கும், ஜாக்கிரதை.

வேலையும் விசாவும்

டிபெண்டன்ட் விசாவில் இருப்பவர்களுக்கு இது சுலபம், எந்த ஆஸ்பத்திரியிலும் ஹெல்த் கேர் அசிஸ்டன்ட்டாகச் சேர்ந்து, அங்கிருந்தே ஆஸ்கிக்குப் போகலாம். கேரர் விசாவில் இருப்பவர்கள் பின் வந்த மறுநாளே நர்சாக மாறிவிட முடியாது. வேலையின் வகை மாறுவதால், வேலை கொடுக்கிறவர் விசாவுக்காகத் தரும் சர்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப் புதிதாகவும் புதிய விசா விண்ணப்பமும் வேண்டும், இருக்கும் இடத்திலேயே நர்சாக வைத்துக்கொள்கிறேன் என்றாலும் இதே கதைதான். பின் வரும் முன்பே நர்சுக்கான ஸ்பான்சர்ஷிப்பில் எடுத்தால், வேலை தொடங்கிய 3 மாதத்துக்குள் முதல் ஆஸ்கி எழுத வேண்டும், 8 மாதத்துக்குள் பதிவு வந்தாக வேண்டும். இந்தக் கெடுவை மனதில் வைத்து, ஆஸ்கிக்குப் பாதியாவது தயாரான பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது முன்பு போல இல்லை, அரசு ஆஸ்பத்திரிகளை நடத்தும் டிரஸ்ட்கள் நிறைய நிறுத்திவிட்டன. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேரர் விசாவும் இல்லை. அதனால் இங்கேயே இருக்கிற, இங்கத்திய வேலை தெரிந்த உங்களுக்குத்தான் இப்போது வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்று நினைக்கிறேன். நேர்காணலில் "வெறும் கேரர்தான்" என்று சொல்லாதீர்கள். மார் சார்ட் (மருந்து கொடுத்ததைக் குறிக்கும் படிவம்) பார்த்தேன், நியூஸ் ஸ்கோர் (நிலை மோசமாவதைக் காட்டும் மதிப்பெண்) ஏறியதைக் கவனித்து 111 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைத்தேன், படுக்கைப் புண் வராமல் இத்தனை பேரைப் பார்த்துக்கொண்டேன் என்று நடந்ததைச் சொல்லுங்கள்.

சர்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப்புக்குப் பணம் கேட்பவர்களிடம் ஒரு பவுண்டு கூடக் கொடுக்காதீர்கள். வேலை தேடித் தருவதற்கு ஆளிடம் பணம் வாங்குவது இந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். நம்ம ஊர் ஆள், நம்ம சர்ச், நம்ம கோயில் என்று வருகிறவர்கள்தான் இதில் அதிகம், அது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

ஆஸ்கி

இதுதான் மலை. பத்து ஸ்டேஷன். நான்கு ஒரே நோயாளியைச் சுற்றி வரும்: மதிப்பிடுவது, திட்டம் எழுதுவது, செய்வது, கைமாற்றிக் கொடுப்பது. நான்கு செய்முறைத் திறன்கள், இரண்டிரண்டாகச் சேர்ந்து வரும். மீதி இரண்டு உட்கார்ந்து எழுதுவது. நார்தாம்டன், ஆக்ஸ்போர்டு, லீட்ஸ், நியூகாசில், வட அயர்லாந்தில் டெர்ரி என்று ஐந்து இடத்தில் நடக்கிறது, எங்கே போனாலும் தரம் ஒன்றுதான், தேதி எங்கே கிடைக்கிறதோ அங்கே போங்கள்.

நம்மவர்கள் இதில் தோற்பது வேலை தெரியாமல் அல்ல. நாம் வாய் திறக்காமல் வேலை செய்து பழகியவர்கள். அறுபது படுக்கை வார்டில் ஒரே ஆள் ராத்திரி முழுக்க ஊசி போட்டுக்கொண்டு போகும்போது யார் ஒவ்வொருவரிடமும் பெயரைச் சொல்லி, பிறந்த தேதி கேட்டு, இது என்ன மருந்து என்று விளக்கிக்கொண்டிருக்க முடியும்? கை வேகமாகப் போகும், வாய் மூடியிருக்கும். இங்கே மார்க் போடுகிறவருக்கு, நீங்கள் சொல்லாதது நீங்கள் செய்யாதது.

மருந்து கொடுக்கும் ஸ்டேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் கை கழுவுகிறேன் என்று சொல்லிக் கழுவ வேண்டும். பெயரையும் யார் என்பதையும் சொல்ல வேண்டும். நோயாளியை அவர் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லச் சொல்லி, கைப்பட்டையோடு ஒத்துப் பார்த்து, அதைச் சார்ட்டோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று அவரிடமும் கேட்க வேண்டும், சார்ட்டிலும் பார்க்க வேண்டும், பட்டையிலும் பார்க்க வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு, எந்த வழியாக, கடைசியாக எப்போது கொடுத்தது, டாக்டர் கையெழுத்து இருக்கிறதா, பெட்டியில் காலாவதித் தேதி என்ன, ஒவ்வொன்றையும் விரலை வைத்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். சார்ட்டில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் கொடுத்துவிடக் கூடாது, அந்த வேளைக்கு உரியதை மட்டும்தான், கொடுக்காததற்கு ஏன் என்று குறிக்க வேண்டும். விழுங்கினாரா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து. முன்னாடியே கையெழுத்துப் போட்டுவிட்டு மாத்திரையை எடுப்பது ஊரில் சாதாரணம், இங்கே அதற்கே தவறிவிடுவீர்கள்.

நியூஸ் 2 சார்ட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நிரப்பத் தெரிய வேண்டும். மூச்சு, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் வைத்திருக்கிறதா, பி.பி, நாடி, நினைவு, காய்ச்சல். கூட்டுத்தொகை 5 என்றால் அவசரமாக டாக்டரைக் கூப்பிட வேண்டும், 7 என்றால் இன்னும் மேலே. கூட்டிவிட்டுப் பேசாமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள், அந்த எண்ணுக்கு நான் என்ன செய்வேன் என்று சொல்லுங்கள். சி.பி.ஆர் வந்தால் ஆஸ்பத்திரிக்குள் கூப்பிட வேண்டிய எண் 2222, வெளியே கூப்பிடும் 999 இல்லை. 30 அழுத்தம், 2 மூச்சு, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120.

பழகுவதற்குப் பெரிய பணம் கட்டி டிரெய்னிங் போனால்தான் முடியும் என்பதில்லை. பரீட்சை மையங்களே மாதிரிப் படிவங்களையும் மார்க் போடும் முறையையும் இணையதளத்தில் வைத்திருக்கின்றன, அதைப் பிரின்ட் எடுத்து, வீட்டில் இருப்பவரைக் கட்டிலில் படுக்கவைத்து, சத்தமாகச் சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள். பிள்ளைகள் இருந்தால் கையில் மார்க் ஷீட்டைக் கொடுங்கள், அவர்களைவிடக் கண்டிப்பான எக்ஸாமினர் கிடைக்க மாட்டார். அப்புறம் ஷிப்டில் இருக்கும்போது, கேரராகவே இருந்தாலும், ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "இப்போ உங்க கையைத் தூக்கப்போறேன், பரவாயில்லையா" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்டவருக்குப் பரீட்சை அறையில் அது தானாக வாயில் வரும்.

தவறினால் உலகம் முடிந்துவிடாது. ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு. தவறிய ஸ்டேஷன்களை மட்டும் திரும்ப எழுதலாம், ஏழு ஸ்டேஷன் வரை என்றால் பாதிக் கட்டணம். மூன்றிலும் தவறினால்தான் 6 மாதம் பொறுத்துப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

செலவு

விண்ணப்பத்துக்கு 140 பவுண்டு, சி.பி.டி-க்கு 83, ஆஸ்கிக்கு 794, கடைசியில் பதிவுக்கு 153. கூட்டினால் 1,170, இதில் இங்கிலீஷ் பரீட்சையும் ஊர்ச் செலவும் ரயில் டிக்கெட்டும் சேராது. கட்டும் முன் அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிரஸ்ட்கள் பெரும்பாலும் முதல் ஆஸ்கி கட்டணத்தைத் தாங்களே கட்டும். கேர் ஹோம் கட்டுகிறேன் என்றால் சந்தோஷம், ஆனால் எத்தனை வருடத்துக்குள் போனால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், மாதம் போகப் போக அந்தத் தொகை குறைய வேண்டும், குறையாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம். புது நர்சுக்கான என்.எச்.எஸ் (அரசு மருத்துவச் சேவை) பேண்ட் 5 சம்பளம் இங்கிலாந்தில் 2025-26-இல் 31,049 பவுண்டில் தொடங்கியது, கேரர் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போட்ட பணம் எவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்பது உங்களுக்கே தெரியும்.

பின் வந்ததும், கடைசி எழுத்து ஓ என்று முடியும் அந்த எண்ணை என்.எம்.சி-யின் பொதுப் பதிவேட்டில் தேடி, உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தப்பாக இருந்தால் அன்றைக்கே எழுதுங்கள், விசா விண்ணப்பத்துக்கு முன் அது சரியாக வேண்டும். ஒரு நோட்டைத் தனியாக எடுத்து, முதல் ஷிப்டிலிருந்தே தேதி, வார்டு, மணிக்கணக்கு, போன டிரெய்னிங் எல்லாம் குறித்துவையுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ரீவேலிடேஷன், அதாவது பதிவைப் புதுப்பிப்பது, வரும், அதற்கு 450 மணி நேர வேலையும் 35 மணி நேரப் படிப்பும் காட்ட வேண்டும்.